காரின் டிக்கியும் கனத்த ஓசையும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் அதனை அடுத்த தாராவிப் பகுதிகளிலும் வாழும் நம்மவருள் இன்று சொந்தமாகக் கார் வைத்திருப்போர் பலர். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்போரும் பலர். நாள் முழுதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக் களைத்த இளைஞன் நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டு இளைப்பாற விழைவதில் வியப்பில்லை. பறையும் தவிலும் கேட்டு வளர்ந்த செவிக்குத் தாளத்தின் அடி முழக்கம் இல்லாத பாட்டு உப்பில்லாப் பண்டமே. அம்முழக்கத்தைத் தருவதற்கென்றே அமைந்த ஒலிபெருக்கியைச் சப்வூஃபர் என்கின்றனர். அதற்குத் தனிப் பெட்டி செய்வதா, காரின் டிக்கியையே பெட்டியாகக் கொள்வதா என்ற வினா நம் இளைஞரிடையே அடிக்கடி எழுகிறது. அரைகுறை அறிவோடு செய்தால் பணமும் வீண், பகையும் மிச்சம். ஆதலின் அதனை முறையாக ஆராய்வோம்.

பெட்டி எதற்கு?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே வரும்போது எதிரிலுள்ள காற்றை நெருக்குகிறது. அதே கணத்தில் பின்னாலுள்ள காற்றைத் தளர்த்துகிறது. இவ்விரு அலைகளும் ஒன்றற்கொன்று நேர் எதிரானவை. வினாடிக்கு 40 முறை அதிரும் ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 8.5 மீட்டர். அத்துணை நீண்ட அலைக்கு ஓரடிக் கூம்பு ஒரு தடையே அன்று. பின்னலை விளிம்பைச் சுற்றிவந்து முன்னலையை அழித்துவிடுகிறது. சப்வூஃபரைப் பெட்டியின்றி வெறுமனே ஒலிக்கவிட்டால் முழக்கம் எழாமைக்குக் காரணம் இதுவே. முன்னலையையும் பின்னலையையும் பிரித்து நிறுத்துவதே பெட்டியின் முதற்கடமை.

சுருள் அசைந்து கூம்பைத் தள்ளும் இன்றைய ஒலிபெருக்கியை அமெரிக்கரான ரைஸ், கெல்லாக் இருவரும் 1925இல் விளக்கினர். அதன்பின் சுவரில் துளையிட்டு ஒலிபெருக்கியைப் பொருத்தி, மறுபக்கத்து அறையையே பெட்டியாக்கியவர்களும் உண்டு. 1954இல் எட்கர் வில்ச்சர் சிறு பெட்டி ஒன்றைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்திக் கனத்த ஓசையை எழுப்பிக் காட்டினார். எந்த ஒலிபெருக்கிக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதைக் கணக்கால் அறியும் வழியை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961இல் வெளியிட்டார். ஸ்மால் என்பவர் 1970களில் அதனை விரிவாக்கினார். இன்றும் சப்வூஃபருடன் வரும் தாளில் அவ்விருவர் பெயரால் வழங்கும் அளவுகளே அச்சிடப்பட்டுள்ளன.

மூன்று வழிகள்

முதலாவது, முற்றும் மூடிய பெட்டி. இரண்டாவது, வாயுள்ள பெட்டி. நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டில் குடத்தின் வாயை மட்டையால் தட்டும்போது உள்ளிருக்கும் காற்று அசைந்து கனத்த நாதம் பிறக்கிறதல்லவா? வாயுள்ள பெட்டியும் அவ்வாறு வேலை செய்வதே. மூன்றாவது, டிக்கியையே பெட்டியாக்குவது.

இம்மூன்றாம் வழி நம்மவர்க்கு உகந்ததாகத் தோன்றுவதற்குத் தக்க காரணம் உண்டு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குக் காரில் செல்வோர்க்கு டிக்கி முழுதும் தேவை. பெட்டியொன்று அதில் அமர்ந்துகொண்டால் மூட்டை முடிச்சுகளை எங்கே வைப்பது? மூன்றாம் வழியில் பெட்டிச் செலவும் இல்லை, இடமும் மிஞ்சும். ஓசையும் அடைபடாமல் இயல்பாக இருக்கும்.

ஆயினும் எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. டிக்கி தனியறையாக உள்ள கார் வேண்டும். டிசையர் போன்ற காரில் டிக்கி சுமார் 380 லிட்டர் கொள்ளளவு உடையது, அது போதும். பின்கதவைத் திறந்தால் இருக்கையும் டிக்கியும் ஒரே கூடமாகத் தெரியும் காரில் இரு அலைகளையும் பிரிக்க இயலாது.

எல்லாச் சப்வூஃபரும் பொருந்தா என்பதையும் மறத்தலாகாது. சிறு பெட்டியில் அடைபட்ட காற்று கூம்பைப் பின்னிழுத்துக் காக்கிறது. டிக்கியின் பெருங்காற்றுக்கு அந்த வலிமை இல்லை. கூம்பு தன் சொந்தக் கட்டுமானத்தாலேயே தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். சிறு பெட்டிக்கென்று செய்ததை டிக்கியில் மாட்டி உரக்க ஒலிக்கவிட்டால், கூம்பு அளவுகடந்து ஓடிச் சுருள் பழுதாகும். ஆகவே 'ஃப்ரீ ஏர்' வகை என்று செய்தவரே குறித்த ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்குதல் நன்று. லாமிங்டன் ரோட்டிலோ ஆப்பரா ஹவுஸ் பக்கத்துக் கார்ச் சாமான் கடைகளிலோ வாங்குவோர், தாளில் 'கியூடிஎஸ்' என்ற அளவு ஏறத்தாழ 0.6க்குக் குறையாதிருப்பதைப் பார்த்துக்கொள்க.

செய்முறை

பின்னிருக்கையின் முதுகுப்புறத்தில் 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகையைத் திருகாணியால் இறுக்கி, அதில் ஒலிபெருக்கியைப் பொருத்த வேண்டும். காரின் தகட்டுச் சட்டத்தை அறுத்தல் கூடாது. காரின் உறுதி அதனைப் பொறுத்தது. பலகையைச் சுற்றியும், பின்கண்ணாடியின் கீழுள்ள தட்டிலும் எஞ்சும் இடுக்குகளை ரப்பர் பட்டையாலும் பஞ்சுப் பட்டையாலும் அடைக்க வேண்டும். அடைப்புச் சரியா என்று அறிய எளிய வழி ஒன்று: இரவில் டிக்கிக்குள் ஒரு விளக்கை ஏற்றிவைத்து மூடிவிட்டுக் காருக்குள் அமர்ந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஓசையும் கசியும் இடமே.

இரண்டு சப்வூஃபர் வைப்போர் கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒன்றின் ஓசையை மற்றொன்று விழுங்கிவிடும். 1.5 வோல்ட் பாட்டரியை ஒவ்வொன்றிலும் நொடிப்பொழுது தொட்டால், இரு கூம்புகளும் ஒரே பக்கம் அசைய வேண்டும்.

மின்சாரத்தில் அலட்சியம் அறவே ஆகாது. 300 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து முழு வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றும். தடித்த செப்புக் கம்பியும், பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸும் இன்றியமையாதவை. ஃபியூஸ் இல்லாத கம்பி உரசித் தகட்டில் பட்டால் காரே எரியும்.

சி.என்.ஜி. உருளை டிக்கியில் உள்ள வாடகைக் கார்களுக்கு இவ்வழி வேண்டவே வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. வாயு கசியின் வெளியேறுவதற்கென்று அமைந்த துவாரங்களை அடைப்பதும், அருகே மின்கம்பிகளை நிரப்புவதும் உயிரோடு விளையாடுவதாகும். அத்தகையோர் இருக்கையின் அடியில் வைக்கும் சிறு சப்வூஃபரோடு அமைவதே அறிவுடைமை.

அண்டை வீட்டார்

இனி இயந்திரத்தை விட்டு மனிதரைப் பற்றிச் சில சொற்கள். டிக்கியைப் பெட்டியாக்கியவன் பின்னலையைச் சிறைப்படுத்திவிட்டதாக எண்ணுகிறான். டிக்கி மூடியோ மெல்லிய தகடு. அது தானும் அதிர்ந்து ஓசையைத் தெருவுக்கு வழங்குகிறது. நம் சந்துகளில் காருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது? மெல்லிய ஓசையைச் சுவர் தடுக்கும். கனத்த ஓசை சுவரையும் தகரத்தையும் ஊடுருவும். காரினுள் இருப்பவன் பாட்டைக் கேட்கிறான். சுவருக்கு அப்பால் இருப்பவர்க்குப் பாட்டு இல்லை, இடி மட்டுமே கேட்கிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவு. ஒலிபெருக்கியால் இரைச்சல் எழுப்புவதை எவரும் அடிப்படை உரிமையாகக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18இல் தீர்ப்பளித்தது.

ஆயினும் சட்டத்தின் அளவுகோலில் ஒரு நுட்பம் உண்டு. அவ்விதிகள் கூறும் அளவு, மனிதச் செவியின் இயல்பை ஒட்டி, கனத்த ஓசையைக் குறைத்தே கணக்கிடும். வினாடிக்கு 50 அதிர்வுள்ள ஓசையில் ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிடும். ஆகவே பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கும்போதும் கருவி சிறு எண்ணையே காட்டக்கூடும். சட்டம் காணாத இடத்தில் மனச்சான்றுதான் காவல்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இரவு வேலை முடித்து வந்த தந்தை உறங்குகிறார். அதன் மூலையில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மகள் படிக்கிறாள். நோயுற்ற பாட்டி கண்ணயர இரவு இரண்டு மணி ஆகிறது. நம் மக்கள் பிழைக்க வந்த ஊரில் பெற்றிருக்கும் செல்வம் இந்த உறக்கமும் இந்தப் படிப்புமே. அவற்றைக் கெடுத்துப் பெறும் இன்பம் இன்பமாகாது. கேம்ப்பின் எல்லைக்குள் வண்டி நுழைந்ததும் சப்வூஃபரின் விசையை மட்டும் அணைத்துவிடுங்கள். பாட்டு தொடரட்டும், இடி நிற்கட்டும். இதற்கெனத் தனி விசையொன்றை ஸ்டியரிங்கின் அருகே பொருத்திக்கொள்ள ஆகும் செலவு மிகச் சிறிது.

இளைஞர்களே, கருவியைக் கற்றுச் செய்யுங்கள். காசைக் கணக்கிட்டுச் செலவிடுங்கள். நெடுஞ்சாலையில் உங்கள் கார் முழங்கட்டும். நம் சந்தில் அது மெல்ல வந்து நிற்கட்டும்.