ஸ்கைவாக்: காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

லாஸ் வேகாஸ் போகிறவர்கள் ஒருநாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரும் இடங்களில் கிராண்ட் கேன்யன் ஸ்கைவாக்கும் ஒன்று. அரிசோனாவில் ஈகிள் பாயின்ட் என்ற பாறை முனையிலிருந்து பள்ளத்தாக்கின் மேல் 70 அடி தூரம் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடித் தளம் இது. குதிரை லாடம் போன்ற வடிவம். ஒரு முனையில் ஏறி, வளைவைச் சுற்றி, மறு முனையில் இறங்கலாம்.

கண்ணாடி தாங்குமா?

தாங்கும். தளத்தின் இரு ஓரங்களுக்கும் அடியில் ஓடும் எஃகுப் பெட்டி உத்திரங்கள்தான் மொத்த எடையையும் சுமக்கின்றன. வெளியே நீளும் பகுதிக்குக் கீழே தூண் எதுவும் கிடையாது. உத்திரங்களின் பின்பகுதியை, பாறைக்குள் ஆழமாக இறக்கிய எஃகுக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பலர் சேர்ந்து நடக்கும்போது தளம் அதிரும் அல்லவா? அதைத் தணிக்க உத்திரங்களின் உட்கூட்டுக்குள் அசையும் எஃகுத் தகடுகளை வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோரின் எடையைத் தாங்கும்படி வடிவமைத்திருந்தும், ஒரே நேரத்தில் 120 பேருக்கு மேல் விடுவதில்லை.

கண்ணாடியும் ஒற்றைப் பலகை அல்ல. பல அடுக்குகளை இடையில் பிசின் படலம் வைத்து ஒட்டியது. ஓர் அடுக்கு விரிசல் விட்டாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடியில் கனம் கூடக்கூடப் பச்சை நிறம் ஏறும்; அதிலுள்ள இரும்புச் சத்துதான் காரணம். இங்கே இரும்பு குறைந்த கண்ணாடி போட்டிருப்பதால் கீழே உள்ள பாறை தெளிவாகத் தெரிகிறது. தேய்வது மேல் அடுக்குதான். செருப்பில் ஒட்டிய மணல் அதைக் கீறிவிடும் என்பதால் உள்ளே போகுமுன் காலணிக்கு உறை மாட்டச் சொல்வார்கள். கைபேசி, கேமராவைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போவதே இங்கு நெடுநாள் வழக்கமாக இருந்தது. படத்தை அங்குள்ள புகைப்படக்காரர் எடுத்து விற்பார். இப்போதைய விதி என்னவென்று டிக்கெட் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

4,000 அடி உயரமா?

விளம்பரங்களில் இந்த எண்ணைப் பார்க்கலாம். அது தொலைவில் ஓடும் கொலராடோ ஆற்று மட்டத்திலிருந்து கணக்கிட்டது. தளத்துக்கு நேர் கீழே இருப்பது ஆறு அல்ல, ஒரு கிளைப் பள்ளத்தாக்கு. அங்கே செங்குத்தான இறக்கம் 500 முதல் 800 அடி வரை. நடுங்க வைக்க அதுவே போதும்.

பாதுகாப்பு என்று தெரிந்தும் ஏன் பயம்?

நிற்கும்போது உடல் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள பொருட்கள் நகர்வதைப் பார்த்துக் கண் அதைச் சரிசெய்துகொள்ளும். தரை நூற்றுக்கணக்கான அடி கீழே போய்விட்டால் அந்தத் துப்பு கிடைப்பதில்லை. கால் தடுமாறுவதுபோல் இருக்கும். கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, கீழே எஃகு இருக்கும் ஓரமாகவே நடங்கள். பார்வையை எதிரே உள்ள பாறைச் சுவரில் வைத்து, பழகியபின் குனிந்து பாருங்கள்.

யாருடைய நிலம்?

தேசியப் பூங்கா என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். இது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். பூங்காவின் அனுமதி அட்டை இங்கே செல்லாது. நுழைவுக் கட்டணம் தனி, ஸ்கைவாக் ஏற மேலும் கட்டணம். லாஸ் வேகாஸ் தொழிலதிபர் டேவிட் ஜின் முன்வைத்த யோசனை, சுமார் 3 கோடி டாலர் செலவில் உருவெடுத்தது. 2007 மார்ச்சில் நடந்த தொடக்க விழாவில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் நிலவில் கால் வைத்த பஸ் ஆல்ட்ரின். வேலையும் வருமானமும் வரும் என்று பழங்குடி நிர்வாகம் வரவேற்றது; புனித மண்ணில் கட்டடம் எதற்கு என்று மூத்தோர் சிலர் எதிர்த்தார்கள். அந்த வாக்குவாதத்தையும் அறிந்துகொண்டு போவது நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

லாஸ் வேகாஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். படங்களில் பார்த்துப் பழகிய, அடுக்கடுக்காக விரியும் பெரும் காட்சி வேண்டுமானால் அது தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பில் கிடைக்கும். ஸ்கைவாக்கிலிருந்து அங்கே போக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். ஸ்கைவாக் போவதென்றால் அருகிலுள்ள குவானோ பாயின்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வௌவால் எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுத்த காலத்து இழுவைக் கம்பி நிலையத்தின் மிச்சம் அங்கே நிற்கிறது; கொலராடோ ஆறும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.