தட்டு கழுவினா நீங்களும் நம்மாளு!

ஃபிரான்ஸுக்குப் படிக்கப் போய், லீவு நாள்ல ரூமில் தனியா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? பர்கண்டி பக்கம் தெய்ஸே கிராமத்துக்குக் கிளம்புங்க பாஸ்! 1940-ல் சகோதரர் ரோஜர் குடியேறிய ஊர். அங்கே உருவான மடத்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் ரெண்டு தரப்பும் உண்டு. கோடையில் வாராவாரம் ஆயிரக்கணக்கில் இளசுகள் குவியுறாங்க. சர்ச்சில் பெரும்பாலும் தரையில்தான் உட்காரணும். பல மொழியில் குட்டிக் குட்டிப் பாட்டு, நடுவே கொஞ்ச நேரம் மௌனம்.

சாப்பாடு ரொம்ப சிம்பிள், கையில் ஒரே ஒரு ஸ்பூன். 'விருந்தாளி'ன்னு உங்களை உட்காரவைக்க மாட்டாங்க. பாத்திரம் தேய்க்க, கக்கூஸ் கழுவ, ஆளுக்கொரு வேலை தருவாங்க. அதுதாங்க நிஜமான வரவேற்பு! போலந்துப் பையன் சோப்பு போட, நீங்க அலச... பேர் கேட்கிறதுக்குள்ளே வீட்டு ஞாபகம் வரைக்கும் பேச்சு போயிடும்.

முன்கூட்டியே பதிவு பண்ணிடுங்க. அப்படியே ஊறுகாய் பாட்டிலையும் மறக்காதீங்க!