உயிரணுவின் வாயில்

விரலில் ஒரு வெட்டுக்காயம் உண்டாகிறது. சில நாட்களில் அவ்விடத்தில் புதுத்தோல் வளர்ந்து காயம் ஆறிவிடுகிறது. ஆறியபின் அத்தோல் மேலும் மேலும் வளர்வதில்லை. 'பெருகுக' என்று உயிரணுக்களுக்கு ஆணையிட்டது எது? அவை அடங்கியது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடிய அறிஞர்கள், புற்றுநோயின் இயல்பையும் உணரலாயினர்.

அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹென், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை, பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் உடலிற் செலுத்தினார். ஏறத்தாழ இரண்டு வாரம் சென்று கண் திறக்க வேண்டிய குஞ்சுகள், ஒரு வாரத்திலேயே கண் திறந்தன. பற்களும் முன்னதாகவே முளைத்தன. தோலணுக்களை விரைந்து வளரச் செய்யும் ஒரு சிறு புரதம் அச்சாற்றில் இருந்ததே இதற்குக் காரணம். அதனை அவர் பிரித்தெடுத்து 1962ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அத்தகைய புரதங்களை வளர்ச்சிக் காரணிகள் என்பர். அவற்றைக் கண்டறிந்தமைக்காகக் கோஹெனும், இத்தாலியில் பிறந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி அம்மையாரும் 1986ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

வளர்ச்சிக் காரணியின் ஆணை உயிரணுவை எட்டுவது எங்ஙனம்? உயிரணுவை மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்வை ஊடுருவி, வாயில் காப்போர்போலச் சில புரதங்கள் நிற்கின்றன. அவை ஏற்பிகள் எனப்படும். காரணி வந்து வெளிமுனையிற் பொருந்தியதும், ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைகின்றன. உடனே அவற்றின் உள்முனைகள் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டு என்னும் சிறு தொகுதியைப் பதிக்கின்றன. இஃது ஓலையில் இடும் முத்திரை போன்றது. முத்திரையைக் கண்ட உட்புரதங்கள், செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று பெற்று உட்கருவிற் சேர்க்கின்றன. உயிரணு இரண்டாகப் பிரிகிறது. காரணி குறைந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

இவ்வொழுங்கு குலைதல் புற்றுநோய்க்கு ஒரு காரணமாகும். ஹெர்-2 என்னும் ஏற்பியை இதற்குச் சான்றாகக் கூறலாம். இது காரணியின் வரவை எதிர்பாராமல், பிற ஏற்பிகளுடன் இணைய எப்போதும் ஆயத்தமாக நிற்பது. அளவோடு உள்ளவரை இதனால் தீங்கில்லை. மார்பகப் புற்றுநோய்களுள் 100க்கு 15 முதல் 20 வரையானவற்றில் இது சவ்வின்மேல் மிகப் பெருகி மொய்க்கிறது. இதனை ஆக்கும் மரபணு பல படிகளாகப் பெருகிவிடுதலே அதற்குக் காரணம். நெருங்கி நிற்பவை தாமே இணைகின்றன. ஆணையிடுவார் இன்றியே ஆணை ஓயாது உட்செல்கிறது. இந்நிலையில் நோய் விரைவில் மீள்வதையும், வாழ்நாள் குறைவதையும் டென்னிஸ் ஸ்லாமனும் அவர்தம் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

எனினும், நோயை வளர்த்த அப்புரதமே மருந்துக்கு இலக்காயிற்று. அது உயிரணுவின் வெளிப்புறத்தே நீண்டிருத்தலால், அதனைப் பற்றித் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை ஆக்க முடிந்தது. டிராஸ்டுசுமாப் என்னும் அம்மருந்துக்கு 1998ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இஃது எல்லாப் புற்றுநோய்க்கும் உரியதன்று. சிலருக்கு இதயத்தைத் தளரச் செய்வதும் உண்டு. ஆதலின் மருத்துவர் கட்டியின் சிறு பகுதியை முதலில் ஆய்ந்து, ஹெர்-2 மிகுந்துள்ளதா என அறிந்த பின்னரே இதனை அளிப்பர். இதயத்தின் நிலையையும் கண்காணிப்பர்.

முன்பு பெரிதும் அஞ்சப்பட்ட இவ்வகை நோயினின்று இன்று பலர் மீண்டு வாழ்கின்றனர். எலிக்குஞ்சின் கண் ஏன் முன்னதாகத் திறந்தது என்னும் சிறு வினாவும், மனித உயிரைக் காக்கும் அறிவுக்கு வழிகோலியது. உண்மையை நாடி எழும் எவ்வினாவும் சிறியதன்று.