புற்றுநோய் மருந்தோடு கருஞ்சீரகம் சேர்க்கலாமா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் உறவினர்கள் தேன், கருஞ்சீரகம், நாட்டு மருந்துப் பொடி என்று கொண்டு வருவார்கள். அது அன்பினால் செய்வது. ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் கொடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

புற்றுநோய்க் கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, புதிய இரத்தக் குழாய்கள் தேவை. அவற்றைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியும் தடைபடும் என்ற கருத்தை 1971இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் ஊசிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு சுனிடினிப், சோராஃபெனிப் மாத்திரைகள் வந்தன.

கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன், மஞ்சளிலுள்ள குர்குமின் ஆகியவையும் புதிய இரத்தக் குழாய்கள் உருவாவதைக் குறைப்பதாக ஆய்வகத்திலும் எலிகளிலும் காணப்பட்டுள்ளது. அப்படியானால் இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன்தானே என்று சிலர் கேட்கிறார்கள். எலியிடம் கண்ட பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கெடுதல் நேரவும் வழி உண்டு.

எங்கே ஆபத்து?

1. சுனிடினிப் போன்ற மாத்திரைகளைக் கல்லீரல்தான் சிதைத்து வெளியேற்றுகிறது. சில மூலிகைகள் அந்த வேலையை வேகப்படுத்தும். அப்போது மருந்து பலனற்றுப் போகும். சில மூலிகைகள் தாமதப்படுத்தும். அப்போது மருந்தே நஞ்சாகும்.

2. இவ்வகை மருந்துகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. அதிமதுரமும் அளவு மீறினால் அழுத்தத்தைக் கூட்டும்.

3. இம்மருந்துகளால் இரத்தக்கசிவு ஏற்படலாம். காயம் ஆறவும் தாமதமாகும். பூண்டு மாத்திரை போன்றவை இரத்தம் உறைவதைக் குறைத்து அந்த ஆபத்தைக் கூட்டலாம்.

சமையலில் சேர்க்கும் மஞ்சளும் பூண்டும் வேறு. மருந்தாக அதிக அளவில் எடுப்பது வேறு.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் வரும் ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது. அதை நாம் நம்புகிறோம். ஆனால் அந்தப் பொதுவான சொல் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதும் என்று இமாம் கத்தாபீ போன்ற அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மற்ற மருந்துகளை விட்டுவிடுங்கள் என்றோ, அளவு பாராமல் கலந்து கொடுங்கள் என்றோ அந்த ஹதீஸ் சொல்லவில்லை.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பைப் பார்த்து நோயாளிக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பவர் இதை யோசிக்க வேண்டும். அறியாததை அறிந்தவர்களிடம் கேட்குமாறு குர்ஆனும் (16:43) கட்டளையிடுகிறது.

செய்ய வேண்டியது

நோயாளி சாப்பிடும் பொடி, லேகியம், எண்ணெய் அனைத்தையும் எழுதி, பாட்டிலோடு டாக்டரிடம் காட்டுங்கள். "திட்டுவாரோ" என்று மறைக்காதீர்கள். யூனானி, சித்த மருத்துவரிடம் போனால் அவரிடமும் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள்.

நோயைத் தந்தவனே நிவாரணமும் தருகிறான். அதை உரிய வழியில் தேடும் விளக்கத்தையும், நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.