மின்விசிறி சுழலட்டுமா, நிற்கட்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால், உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள வீடுகளில் இரவு பத்து மணிக்கு ஒரு வழக்கு தொடங்கும். பாட்டி மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த மகனுக்கோ காற்றில்லாமல் உறக்கம் வராது. மருமகளின் கவலை கொசுவைப் பற்றியது. நள்ளிரவில் ஒருவர் எழுந்து விசிறியை நிறுத்துவார். சற்று நேரத்தில் இன்னொருவர் எழுந்து மீண்டும் போடுவார்.

இதில் யார் சொல்வது சரி? உலக நலவாழ்வு அமைப்பு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று கூறியுள்ளது. நம் சமவெளியில் மார்கழி இரவிலும் பெரும்பாலான வீடுகளின் உட்புறம் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. கல்வராயன் மலையில் நிலைமை வேறு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஆகவே கணக்கின்படி பார்த்தால் சமவெளியில் மகனின் கட்சியே வெல்லும். எனினும் பாட்டி பொய் சொல்லவில்லை.

வெப்பமானி காட்டுவது அறையின் நிலையை, குளிர்வது உடல். முதுமையில் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மெலிகிறது. வெப்பத்தை உண்டாக்கும் தசைகளும் குறைகின்றன. இளைஞரின் உடல் குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். முதியோர் உடலில் அந்த வேகம் தளர்ந்துவிடுகிறது. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அது உடலைச் சூழ்ந்த வெப்பக் காற்றை விலக்கி, வியர்வையை உலர்த்துகிறது. எனவே அதே காற்று ஒருவருக்குச் சுகமாகவும் மற்றவருக்கு வாட்டமாகவும் இருப்பதில் வியப்பில்லை.

நோயும் இதில் பங்கு கொள்கிறது. இரத்தசோகை உள்ளவர்களுக்கும், தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் குளிர் மிகுதியாகத் தெரியும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலோ, மாதவிடாய் நிற்கும் வயதிலோ, அனைவரும் போர்த்திக்கொண்டிருக்கும் வேளையில் ஒருவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டும். அட்டெனலால், மெட்டோபுரொலால் போன்ற மாத்திரைகள் கைகால்களைச் சில்லிடச் செய்யக்கூடும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் சொன்னால் போதும். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகை இருப்பது இயல்பு, அதனால் அவர்களுக்கும் குளிரும். ஆனால் டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால் அது மார்கழிக் குளிரன்று, கிருமித்தொற்றாக இருக்கலாம். விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் வாதம் வேறு திசையில் செல்லும். பிள்ளை பெற்றவளின் அறையில் சன்னலை அடைத்து, குழந்தைக்குத் துணிமேல் துணி சுற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தையின் கைகால் சில்லென்று இருப்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். வயிற்றையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் போர்வை மிகை. பெரியவர் அணிவதைவிட ஓர் உடை கூடுதலாக இருப்பதே பெரும்பாலும் போதுமானது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையை மிஞ்சிய கதகதப்பு வீட்டில் இல்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய இம்முறை இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் கற்றுத்தரப்படுகிறது.

விசிறிச் சண்டையால் யாருக்கும் உயிர் போவதில்லை. கும்முட்டி அடுப்பு அப்படிப்பட்டதன்று. குளிருக்காகக் கரியை மூட்டி, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உறங்கினால், அறையில் கார்பன் மோனாக்சைடு நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிர் பிரியலாம். புகை அடங்கிச் செந்தணலாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அந்தத் தணலிலிருந்தும் இவ்வாயு வெளிவரும். மலையூர்களில் வாழ்வோரும், அங்கு சுற்றுலா செல்வோரும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். அடைத்த அறையில் இடும் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் ஆஸ்துமாக்காரரை மூச்சுத்திணறலுக்கு ஆளாக்கும்.

நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைக்கலாகாது. சுடுவது தெரியாமலேயே கொப்புளம் எழுந்து புண்ணாகிவிடும். பருத்திக் காலுறையே அவர்களுக்குப் போதும்.

வழக்கைத் தீர்க்கப் பெரும்பாலும் கட்டிலை நகர்த்தினாலே போதும். பாட்டியின் படுக்கையைக் காற்றோட்டத்துக்கு நேரே இல்லாதபடி சுவரோரம் மாற்றுங்கள். வெறுந்தரையில் படுப்பவராயின் பாய்க்கடியில் கனத்த சமுக்காளம் ஒன்றை விரியுங்கள். மேலே எத்தனை போர்த்தினாலும் குளிர்ந்த தரை உடல் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கொசுவலை கட்டினால் விசிறியை மெல்லச் சுழலவிட மருமகளும் ஒப்புக்கொள்வார். குளிர்சாதனம் உள்ள வீட்டார் 24 டிகிரிக்குக் கீழே செல்லத் தேவையில்லை. 2020 முதல் புதிய கருவிகளில் தொடக்க அளவாக விதிக்கப்பட்டிருப்பதும் அதுவே.

ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள். முதுமையில் குளிரை உணரும் திறனும் மங்கக்கூடும். நாள்தோறும் விசிறிக்காக வாதாடும் பாட்டி ஓர் இரவு ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டால், விட்டது தொல்லை என்று உறங்கப் போய்விடாதீர்கள். அவர் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்றிருந்து, பேச்சு குழறினாலோ, எழுப்பியும் தெளிவின்றி இருந்தாலோ, வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழே காட்டினாலோ, போர்வையால் நன்கு சுற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். 108 ஆம்புலன்ஸ் இரவிலும் வரும்.