காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள்: வாங்குமுன் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்!

காரின் உடம்பு சக்கரத்தின் இரும்பு விளிம்பை விடத் தாழ்வாகத் தொங்கக் கூடாது. தொங்கினால் குற்றம்!

இப்படி ஒரு சட்டம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் இருந்தது. 1958-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

அங்குள்ள வாலிபர்கள் பலருக்குக் கார் என்றால் உயிர். தரையைத் தொட்டும் தொடாமலும் தவழ்ந்து போகும் கார் என்றால் கேட்கவே வேண்டாம். பழைய காராக வாங்குவார்கள். டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். காரின் பின்புறம் தாழ்ந்துவிடும். சிலர் ஸ்பிரிங்கையே ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினார்கள்.

சட்டம் வந்தது. வாலிபர்கள் விட்டார்களா? ரான் அகிர்ரே என்பவர் 1959-ல் தமது கார்வெட் காரில் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் பம்புகளைப் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் எழும்பும். போலீசார் போனதும் மறுபடி தாழும்!

அந்தச் சட்டம் 66 ஆண்டுகள் நீடித்தது. 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல்தான் அது நீங்கியது.

மணல் மூட்டைக் காலம் இப்போது இல்லை. காரைத் தாழ்த்துவதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்குகள் விற்பனைக்கு வந்துவிட்டன. நான்கு சக்கரத்துக்கு நான்கு ஸ்பிரிங். பல நாடுகளிலும் வாலிபர்கள் வாங்குகிறார்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, கார்க் கம்பெனி கொடுத்த ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிட்டால் செலவு மிச்சம். ஆகவே பலரும் இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாங்குகிறவர் கடைக்காரரிடம், "எத்தனை அங்குலம் தாழும்?" என்று கேட்கிறார். "என் காரின் ஷாக் இதைத் தாங்குமா?" என்று கேட்பதில்லை.

தொட்டில் ஸ்பிரிங்

ஸ்பிரிங் வேறு, ஷாக் அப்சார்பர் வேறு. இரண்டின் வேலையும் வேறு.

ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்கவிட்ட சேலைத் தொட்டிலை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒரு தடவை கீழே இழுத்து விட்டால் போதும். குழந்தை மேலும் கீழுமாக வெகு நேரம் ஆடிக்கொண்டிருக்கும். குழந்தைக்கு அது சுகம். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் அப்படி ஆடினால்? சக்கரம் சாலையை விட்டுக் கிளம்பும். பிரேக் போட்டால் பிடிக்காது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் கார் திரும்பாது.

அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். அது ஒரு குழாய். உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் பிஸ்டன். பிஸ்டனில் சிறு துவாரங்கள். எண்ணெய் அந்தத் துவாரங்கள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது ஆட்டத்தின் வேகம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் வெகு தூரம் ஓடி நின்ற காரின் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. ஷாக் அப்சார்பர் என்றால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது என்று பொருள். உண்மையில் அதிர்ச்சியை முதலில் வாங்குவது ஸ்பிரிங். ஷாக் அதற்குக் கடிவாளம்.

ஒரு கார் மாடலைத் தயாரிக்கும்போது, இன்ன ஸ்பிரிங்குக்கு இன்ன ஷாக் என்று ஜோடி சேர்க்கிறார்கள். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி! அதில் ஒன்றை மட்டும் மாற்றும்போது மற்றதைக் கேட்க வேண்டாமா?

8 சென்டி மீட்டர் கணக்கு

ஒரு கார் சும்மா நிற்கிறது. அதன் ஷாக் தண்டு உள்ளே போவதற்கு இன்னும் 8 சென்டி மீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குண்டு குழி எல்லாவற்றையும் சமாளிப்பதற்கு உள்ள இடம் அவ்வளவுதான்.

காரை 3 சென்டி மீட்டர் தாழ்த்தினால் மிச்சம் 5. ஐந்து சென்டி மீட்டர் தாழ்த்தினால் மிச்சம் 3.

அந்தக் காரில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறார்கள். பின் ஆசனத்தில் மூன்று பேர். டிக்கி நிறைய மூட்டைகள். பின்புறம் இன்னும் அமிழ்கிறது. இருந்த 3 சென்டி மீட்டரும் போய்விடுகிறது! தண்டின் முடிவில் ஒரு ரப்பர் கட்டை உண்டு. இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க வைத்தது. அவசரத்துக்கு உள்ள அந்தக் கட்டையின் மேலேயே கார் முழு நேரமும் உட்கார்ந்துவிடுகிறது. ஒவ்வொரு குழியிலும் "தடார், தடார்" என்று இடி. பின் ஆசனத்தில் இருக்கும் பாட்டியின் இடுப்புக்குத்தான் அந்த வேதனை தெரியும். வளைவில் இப்படி இடித்தால் டயர் சட்டென்று பிடிப்பை இழக்கவும் கூடும்.

இடம் குறைந்துவிட்டதால், குட்டை ஸ்பிரிங்கை விறைப்பாகவும் செய்தாக வேண்டும். குறைந்த தூரத்துக்குள் அதே வேலையை அது செய்ய வேண்டுமல்லவா?

ஆனால் விறைப்பான ஸ்பிரிங் அதிக பலத்தோடு திருப்பித் தள்ளும். பழைய ஷாக் பழைய பலத்துக்குப் பழகியது. ஸ்பிரிங்கின் விறைப்பு நூற்றுக்கு 20 பங்கு கூடினால், அதோடு ஒப்பிடும்போது ஷாக்கின் அடக்கும் சக்தி சுமார் 9 பங்கு குறைந்ததாகும். இதைச் சமாளித்துவிடலாம். விறைப்பு 50 பங்கு கூடினால் 18 பங்கு குறையும். அப்போது கார் படகு மாதிரி ஆட ஆரம்பிக்கும்.

ஆக, கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு தாழ்த்துவதானால் 25 முதல் 30 மில்லி மீட்டர் வரைதான் நல்லது. ஓர் அங்குலம், அல்லது அதற்குச் சற்று மேல். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் குட்டைத் தண்டு உள்ள ஷாக்கும் சேர்த்து வாங்கத்தான் வேண்டும்.

ஒரு அங்குலத்தில் என்ன லாபம் என்று கேட்கலாம். காரின் எடை மையம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு குறையும். வளைவில் கார் சாய்வது கொஞ்சம் குறையும். மற்றபடி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மறைந்து, பார்வைக்கு எடுப்பாக இருக்கும். உள்ளதைச் சொன்னால், அநேகர் தாழ்த்துவது இந்த அழகுக்காகத்தான். அதில் தப்பு ஒன்றுமில்லை. அழகுக்காக ஆபத்தை வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

ரம்பம் வேண்டாம்

புது ஸ்பிரிங் எதற்கு, பழையதையே ஒரு சுற்று அறுத்துவிடலாமே என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் விறைப்பு நூற்றுக்கு 20 பங்கு கூடும். அது கூடப் பரவாயில்லை. அறுத்த முனை, அதற்கென்று உள்ள கிண்ணத்தில் சரியாக உட்காராது. காரை ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்கும். அப்போது ஸ்பிரிங் லொட லொட என்று ஆடும். பெரிய மேட்டில் ஏறி இறங்கும்போதும் சக்கரம் அப்படித் தொங்கும். இடம் மாறி உட்கார்ந்த ஸ்பிரிங் டயரில் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீயில் காட்டித் தாழ்த்துவது இன்னும் மோசம். இரும்பின் பதமே போய்விடும்.

கடையில் வாங்கும் ஸ்பிரிங்குக்கும் இதே சோதனைதான். பொருத்தியபின் காரைத் தூக்கி, சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது. இதற்காகவே நல்ல ஸ்பிரிங்குகளில் பலவற்றை ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் சுற்றியிருக்கிறார்கள். பாரம் குறைவாக இருக்கும்போது நெருக்கமான பகுதி விரிந்து இடத்தை நிரப்பும். பாரம் ஏற ஏற அந்தச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிச்சமுள்ள பகுதி விறைப்பாக வேலை செய்யும்.

ஒரே பெயர், பல கார்கள்

இந்த வியாபாரத்தில் பெயர் பெற்ற நாடு ஜெர்மனி. 1951-ம் ஆண்டு பின்னென்ட்ராப் என்ற ஊரில் தொடங்கிய ஐபாக் கம்பெனியின் ஸ்பிரிங்குகள் பல நாடுகளுக்கும் போகின்றன. அங்கே தாழ்த்துகிறவர்களுக்குப் பிரியமான கார்களில் ஒன்று போக்ஸ்வாகன் கோல்ப்.

2012-ல் வெளிவந்த ஏழாவது தலைமுறை கோல்ப் காரை எடுத்துக்கொண்டால், ஸ்பிரிங் வாங்குவது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்று விளங்கும். கார் ஒன்றுதான். ஆனால் சக்தி குறைந்த மாடல்களில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கிறது. சக்தி கூடிய மாடல்களில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனித்தனிக் கைகள். ஒன்றின் ஸ்பிரிங் மற்றதற்குப் பொருந்தாது. முன்புற ஷாக் குழாயிலும் 50 மில்லி மீட்டர், 55 மில்லி மீட்டர் என்று இரண்டு பருமன்கள்! டீசல் எஞ்சின் கனமானது. முன் அச்சின் பாரம் மாறுவதால் அதற்கு வேறு ஸ்பிரிங்.

இன்னொரு விஷயம். கோல்ப் ஜி.டி.ஐ. மாடலைக் கம்பெனியே சாதாரண கோல்பை விட 15 மில்லி மீட்டர் தாழ்த்தித்தான் விற்றது. பெட்டியில் "30 மில்லி மீட்டர்" என்று போட்டிருந்தால், அது எந்தக் காரிலிருந்து 30 என்று கேட்க வேண்டும். சாதாரணக் காரிலிருந்து என்றால், ஜி.டி.ஐ.யில் கிடைப்பது 15-தான்.

ஜெர்மனியில் சட்டமும் கண்டிப்பு. ஸ்பிரிங்கோடு ஒரு பரிசோதனைப் பத்திரம் வரும். எந்தெந்தக் காருக்கு, அச்சில் எவ்வளவு பாரம் வரை, எந்த டயரோடு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பொருத்தியபின் காரை டூவ் போன்ற சோதனை நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்காமல் ஓட்டினால் காரின் அனுமதியே செல்லாமல் போகலாம். எந்த நாட்டில் வாங்கினாலும் இந்தப் பத்திரம் உள்ள ஸ்பிரிங்கை வாங்குவது புத்திசாலித்தனம்.

இந்தியாவில் இன்னும் ஜாக்கிரதை தேவை. கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்காமல் கை வைப்பது வம்பு. வேகத்தடை வேறு இருக்கிறது. விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டி மீட்டர் உயரமும் இருக்க வேண்டும். தெருவில் இருக்கிற வேகத்தடைகள் விதியைப் படித்துவிட்டா எழுந்தன!

பொருத்தும்போது

ஷாக் பழையதா என்று முதலில் பார்க்க வேண்டும். குழாயின் மேல் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தால் அது ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த ஷாக்கின் மேல் விறைப்பான ஸ்பிரிங்கைப் போடுவது, நோயாளியின் தலையில் மூட்டையை ஏற்றுவது போல. வெகு தூரம் ஓடிய காராக இருந்தால் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றிவிடலாம். இரண்டு தடவை கழற்றும் கூலி மிச்சமாகும்.

ரப்பர் கட்டையை மெக்கானிக் தம் இஷ்டத்துக்கு எடுத்துவிடக் கூடாது. ஸ்பிரிங்கோடு வரும் குறிப்பில் இத்தனை மில்லி மீட்டர் நறுக்கு என்று இருந்தால் மட்டும், அந்த அளவுக்கு நறுக்க வேண்டும்.

வீட்டு வாசலில் வைத்துக் கழற்றும் வேலை இது அல்ல. முன்புற ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஷாக்கோடு பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கென்று உள்ள அமுக்கிக் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால், அது குண்டு மாதிரி வெடித்துக் கிளம்பும். முகத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

கைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுவதும் முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

கார் தாழ்ந்ததும் சக்கரங்களின் சாய்வு மாறிவிடும். வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள் ஓரம் தேய்ந்துபோகும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஹெட்லைட்டின் உயரத்தையும் சரி செய்ய வேண்டும். கண்ணாடியில் காமிரா உள்ள புதிய கார்களில் அதையும் மறுபடி அளவெடுத்து அமைக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங்குகள் சில நூறு கிலோ மீட்டர் ஓடியதும் இன்னும் சில மில்லி மீட்டர் படியும். அப்போது அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.