சமாதானக் கூட்டத்தில் மனநல ஆலோசகருக்கும் ஓர் இடம்

ஊரில் மோதல் என்றால் அடுத்து நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். போலீஸ் காவல், வழக்கு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, இரு தரப்பும் கையெழுத்து. பிரச்சினை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறோம். வீடு எரிந்ததைப் பார்த்த பிள்ளை இரவில் அலறி எழுவது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. மனக்காயம் ஆறாத ஊரில் சமாதானம் நிலைக்காது. நியாயம் கிடைக்காத ஊரில் மனக்காயமும் ஆறாது.

காயம் வெளிப்படும் விதம்

வன்முறையைக் கண்டவர்கள் "மனசு சரியில்லை" என்று மருத்துவரிடம் வருவது குறைவு. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் குடைச்சல், தூக்கமின்மை என்றே வருவார்கள். திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் படுக்கையை நனைப்பார்கள். பள்ளிக்குப் போக மறுப்பார்கள். சிலர் குடியில் விழுவார்கள்.

போரும் மோதலும் கண்ட பகுதிகளில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்திருக்கும் மனம் வாட்ஸ்அப் வதந்தியைச் சட்டென்று நம்பிவிடும். அடுத்த மோதலுக்கு அதுவே விதை.

யாழ்ப்பாணத்தின் அனுபவம்

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரோடு குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று விளக்கினார். அக்கம்பக்கத்தாரை நம்ப முடியாமை, வாய்திறக்க அச்சம், எதிலும் பிடிப்பின்மை ஆகியவற்றை ஒரு சமூகமே சுமக்கும் காயத்தின் அடையாளங்களாகக் கண்டார். மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த அந்த மண்ணில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. மூச்சுப் பயிற்சி, தியானம், மந்திரம், செபம் என மக்களுக்குப் பழகிய வழிகளும் சிகிச்சையில் சேர்ந்தன.

நம் பக்கத்தில்

மதுரை விளாங்குடிக்கு அருகே ஆனையூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983 முதல் தமிழகம் வந்த ஏதிலியர்க்கு இங்கேயே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். போரைப் பார்க்காத தலைமுறைக்கும் பெற்றோரின் அச்சம் வந்து சேர்கிறது. குடியுரிமை இல்லாத கவலை அதைக் கூட்டுகிறது.

இதே மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில், 1989 சாதி மோதலுக்குப் பின் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. 2011இல் ஒப்பந்தம் ஏற்பட்டு, தலித் மக்கள் கோயிலுக்குள் சென்றார்கள். ஆனாலும் பிணக்கு பிறகும் எழுந்தது. சுவரை ஒரே நாளில் உடைக்கலாம். அச்சமும் அவமானமும் தீர ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பணிசெய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

• நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அவர்களாகப் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.

• முதலில் பாதுகாப்பு, உணவு, உறவினர் துணை. பிள்ளைகள் சீக்கிரம் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் திரும்பட்டும்.

• தூக்கமின்மை, பதற்றம், உயிரை விடும் எண்ணம் இருந்தால் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசிடம் மனநல சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

• ஆலோசனை என்ற பெயரில் "மறந்துவிடு" என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கக் கூடாது. வழக்கும் இழப்பீடும் பாதையுரிமையும் நடக்க வேண்டிய வழியில் நடக்கட்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அடுத்த அமைதிப் பேச்சுவார்த்தைக்குத் தாசில்தாரையும் இன்ஸ்பெக்டரையும் அழைக்கும்போது அந்தத் திட்டத்தின் ஆலோசகரையும் அழையுங்கள். கையெழுத்தான பிறகும் மாதம் ஒருமுறை அவர் இரு தரப்பின் தெருக்களுக்கும் வந்துபோக ஏற்பாடு செய்யுங்கள். ஊர்ப் பெரியவர்களும் வார்டு உறுப்பினர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.